தக்பீரும் தக்கப்புரும்: அரபுச் சொற்களில் பெருமையும் செருக்கும்



நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் இரவில் நம் நாட்டுப் பள்ளிவாசல்களிலிருந்து எழும் முழக்கத்தைக் கேளாதவர் இங்கு இரார். இறைவனே மிகப் பெரியவன் என்று பலரும் ஒருமித்துச் சொல்லும் அம்முழக்கத்திற்குத் 'தக்பீர்' என்று பெயர். மலாய்மொழியில் 'தக்காபுர்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. செருக்கு, ஆணவம் என்பது அதன் பொருள். ஓசையால் இவ்விரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றுகின்றன அல்லவா? உண்மையிலேயே அவை உடன்பிறப்புகள்தாம். அரபுமொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்று வழிபாடாயிற்று, மற்றொன்று குற்றமாயிற்று.

ஒரு வேரில் இவ்விரு கனிகளும் காய்த்தது எங்ஙனம்? பிள்ளைகளைப் பாராட்டுவதும் கண்டிப்பதுமே அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்கு இவ்வினா பயனுடையது என்பதால், இச்சொற்களின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

மூன்று மெய்களும் ஒரு வேரும்

அரபு, செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழியில் சொல்லின் கரு பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளில் அடங்கியிருக்கும். நம் மொழியில் பகுதியோடு விகுதி வந்து ஒட்டுகிறது. அரபிலோ வேரின் உள்ளேயே உயிரோசைகள் புகுந்து சொல்லின் உருவை மாற்றுகின்றன. க், ப், ர் என்னும் மூன்று மெய்களை எடுத்துக்கொள்வோம். 'பெரிது' என்பது இவற்றின் அடிப்படைப் பொருள். கபீர் என்றால் பெரியவர். அக்பர் என்றால் மிகப் பெரியவர். கிப்ர் என்றால் செருக்கு.

இவ்வேரின் நடு மெய்யை இரட்டித்தால் 'கப்பர' என்னும் வினை பிறக்கும். பிறிதொன்றைப் பெரிதாக்கினான், பெரியதெனப் போற்றினான் என்பது பொருள். அவ்வினைக்கு முன்னால் 'த' என்னும் ஓரெழுத்து சேர்ந்தால் 'தக்கப்பர' ஆகும். இப்போது செயல் திரும்பிச் செய்தவனையே வந்தடைகிறது. தன்னைத் தானே பெரிதாக்கிக் கொண்டான்! நம் மொழியில் 'உயர்த்தினான்' என்பதற்கும் 'தன்னை உயர்த்திக் கொண்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முதல் வினையின் தொழிற்பெயர் தக்பீர். இரண்டாவதன் தொழிற்பெயர் தக்கப்புர். (தக்பீர் என்னும் சொல்லிலும் முதலில் 'த' உள்ளதே என்று வினவலாம். அது தொழிற்பெயரை ஆக்க வந்த 'த'. வினைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளியும்.)

இதில் ஒரு நுட்பம் காணக்கிடக்கிறது. பெருமை என்னும் பொருளில் குற்றம் ஏதுமில்லை. அப்பெருமை யாரை நோக்கிச் செல்கிறது என்பதில்தான் அறமும் குற்றமும் பிரிகின்றன. பிறரை நோக்கிச் சென்றால் போற்றுதல். தன்னை நோக்கித் திரும்பினால் செருக்கு.

அகராதிக்காரர்கள் கண்ட படங்கள்

வேர்களைத் திரட்டி ஆராய்ந்த பெருமை பழைய அரபு அறிஞர்களுக்கு உரியது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது, 'கிதாபுல் ஐன்' என்னும் முதல் அரபு அகராதியை வகுத்தார். எழுத்துகள் பிறக்கும் இடத்தை அளவாகக் கொண்டு, தொண்டையில் தொடங்கி உதடுவரை அவர் சொற்களை அடுக்கிய முறை, நம் இலக்கணத்தின் பிறப்பியலைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வியப்பளிக்கும். 10ஆம் நூற்றாண்டின் இப்னு ஃபாரிஸ், ஒவ்வொரு வேருக்கும் அடிப்படைப் பொருள் யாது என்று தேடினார். 1290இல் இப்னு மன்ஸூர் முடித்த 'லிஸானுல் அரப்' இவர்கள் வழியில் வந்த பேரகராதி.

செருக்கைக் குறிக்கும் சொற்களின் அடியில் இவர்கள் காட்டும் காட்சிகள் பெரும்பாலும் பாலைவன வாழ்விலிருந்து வந்தவை. அவற்றுள் சில:

ஒட்டகத்தின் கழுத்தைத் திருகச் செய்யும் ஒரு நோய்க்கு 'ஸஅர்' என்று பெயர். பிறரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொள்பவனின் செயலுக்கு அந்நோயின் வேரிலிருந்தே வினைச்சொல் அமைந்தது. திருக்குர்ஆனில் லுக்மான் என்னும் அறிஞர் தம் மகனுக்கு அறிவுரை கூறும் இடத்தில், மக்களிடமிருந்து கன்னத்தைத் திருப்பாதே என்னும் கருத்தில் வருவது இவ்வினையே. தந்தை மகனுக்குச் சொன்ன சொல்லுக்குள் ஒரு நோயுற்ற ஒட்டகம் நிற்கிறது!

குதிரைகளைக் குறிக்கும் 'கய்ல்', தற்பெருமை நடையைக் குறிக்கும் 'குயலா', கற்பனைத் தோற்றத்தைக் குறிக்கும் 'கயால்' ஆகிய மூன்றும் ஒரே வேரின. குதிரை மிடுக்காக நடப்பதனால் அப்பெயர் பெற்றது என்பர். செருக்குடையவன் தன்னைப்பற்றி இல்லாத ஒரு தோற்றத்தைக் கற்பித்துக் கொள்கிறான் என்பதும் இவ்வேரில் அடங்கும். மலாய்மொழியில் மனம் கனவில் மிதப்பதைக் குறிக்க நாம் கேட்கும் 'காயால்' என்பது இச்சொல்லே.

'தீஹ்' என்றால் செருக்கு. வழிதவறி அலைவதும் 'தீஹ்'தான். மூசா நபியின் மக்கள் நாற்பது ஆண்டுகள் அலைந்ததாகச் சொல்லப்படும் சினாய்ப் பகுதியின் மேட்டுநிலம் இன்றும் தீஹ் என்றே அழைக்கப்படுகிறது. செருக்குற்றவன் வழிதவறியவன் என்பதை விளக்க வேறு உரை வேண்டுமோ?

'துக்யான்' என்பது கொடுங்கோன்மை. அதன் வேர், வெள்ளம் கரை மீறிப் பெருகுவதையும் குறிக்கும்.

'ஜப்ர்' என்பது முறிந்த எலும்பைப் பொருத்துதல், வற்புறுத்துதல் ஆகிய இரு பொருள்களையும் உடையது. கை எட்டாத உயரத்திற்கு வளர்ந்த பேரீச்சை மரத்தை 'ஜப்பார்' என்றனர். கொடுங்கோலனையும் அவ்வாறே அழைத்தனர். ஆயின், இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்றாகவும் அது விளங்குகிறது. இயற்கணிதத்தைக் குறிக்கும் 'அல்ஜிப்ரா' என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது என்பது கணித ஆசிரியர்கள் அறிந்ததே.

'ஃபக்ர்' என்றால் பெருமை பேசுதல். அதே வேரில் பிறந்த 'ஃபக்கார்' என்பது சுட்ட மண்பாண்டம்! குடத்தைத் தட்டினால் ஓசை எழுகிறது. ஓயாது தற்பெருமை பேசுபவனை அது நினைவூட்டுகிறது என்று ராகிப் அல்இஸ்ஃபஹானி என்னும் அறிஞர் விளக்கம் தந்தார். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விளக்கம் அயலாகத் தோன்றாது. மனிதன் மண்பாண்டம் போன்ற காய்ந்த களிமண்ணால் படைக்கப்பட்டான் என்று திருக்குர்ஆன் கூறுமிடத்தில் வருவதும் இந்த 'ஃபக்கார்' என்னும் சொல்லே.

பெருமை பேசுதல் கடமையாக இருந்த காலம்

இஸ்லாத்திற்கு முந்திய அரபு நாட்டில் எழுதப்பட்ட சட்டமோ, அனைவரையும் ஆளும் அரசோ இல்லை. குலமே ஒருவனுக்கு அரண். குலத்தின் பெயருக்கு இழுக்கு நேர்ந்தால் அவனுடைய உயிருக்கும் பொருளுக்கும் காவல் குன்றும். ஆகவே, தன் குலத்தின் வீரத்தையும் கொடையையும் முன்னோர் புகழையும் உரக்கச் சொல்வது அன்று நாகரிகக் குறையாகக் கருதப்படவில்லை, அதுவே கடமையாயிற்று. 'ஃபக்ர்' என்பது அரபுக் கவிதையின் தனித்துறையாகவே வளர்ந்தது. தாயிஃபுக்கு அருகில் கூடிய உக்காள் சந்தையில் கவிஞர்கள் தத்தம் குலப்பெருமையைப் பாடினர். இரு தரப்பினர் எதிரெதிரே நின்று பெருமை பேசும் போட்டிக்கு 'முஃபாகரா' என்று பெயர்.

இக்காலத்தைச் சேர்ந்த ஒரு மரபுக்கதை குறிப்பிடத்தக்கது. 6ஆம் நூற்றாண்டில் ஹீரா நாட்டை ஆண்ட அம்ரு இப்னு ஹிந்த் என்னும் மன்னன் தன் அவையோரை நோக்கி, "என் தாய்க்கு ஏவல் செய்ய நாணும் தாய் எவளேனும் அரபு நாட்டில் உண்டோ?" என்று வினவினான். தக்லிப் குலத் தலைவனும் கவிஞனுமான அம்ரு இப்னு குல்தூமின் தாய் லைலா அத்தகையவள் என்று அவர்கள் கூறினர். மன்னன் தாயையும் மகனையும் விருந்துக்கு அழைத்தான். மகளிர் இருந்த கூடாரத்தில் மன்னனின் தாய், "அந்தத் தட்டை எடுத்துக் கொடு" என்று லைலாவை ஏவினாள். தேவையுடையவர் தாமே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாள் லைலா. மீண்டும் வற்புறுத்தவே, தன் குலத்தின் பெயரைச் சொல்லி உரக்கக் கூவினாள். அக்குரல் கேட்ட மகன், கூடாரத்தில் தொங்கிய வாளை உருவி மன்னனை வெட்டி வீழ்த்தினான் என்பது கதை. அம்ரு இப்னு குல்தூமின் பாடல், புகழ்பெற்ற ஏழு 'முஅல்லகா' நெடும்பாடல்களுள் ஒன்றாக, ஃபக்ர் கவிதையின் உச்சமாக இன்றும் மதிக்கப்படுகிறது.

ஒரு தட்டுக்காக ஓர் உயிர்! இழிவைப் பொறாது மறுக்கும் உணர்வுக்கு அரபில் 'அனஃபா' என்று பெயர். 'அன்ஃப்' என்னும் மூக்கின் வேரிலிருந்து வந்த சொல் இது. உயர்ந்த மூக்குத் தண்டு உடையவன் என்பது அக்காலத்தில் மானமுள்ளவனைக் குறிக்கும் புகழ்மொழி. மூக்கை உயர்த்தினான் என்பதோ செருக்கனைக் குறித்தது. லைலாவிடம் இருந்தது மானமா, செருக்கா? ஏவிய மன்னன் தாயிடம் இருந்தது செருக்கு என்பதில் ஐயமில்லை. லைலாவின் பொருட்டுப் பாடியவர்களோ அதனை மானம் என்றே போற்றினர்.

7ஆம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம்

திருக்குர்ஆன் அருளப்பட்ட காலத்தில் இச்சொற்கள் அழியவில்லை. அவற்றின் இடம் மாறியது. அக்பர், அலீ, அளீம், ஜப்பார், முத்தகப்பிர் என்னும் உயர்வுச் சொற்கள் இறைவனுக்கு உரியனவாயின. தன்னைப் பெரிதாக்கிக் கொள்பவன் என்று வடிவத்தால் பொருள்படும் 'முத்தகப்பிர்' கூட இறைவனின் பெயராயிற்று. பெருமை உண்மையிலேயே அவனுக்கு உரியது. ஆதலால் அவனிடம் அது குற்றமாகாது என்று உரையாசிரியர்கள் விளக்கினர். அதே சொல் மனிதனைக் குறிக்கும்போது, இரவல் ஆடையை உடுத்தித் தனதென்று சொல்வதைப் போன்றதாயிற்று.

இப்லீஸ் ஆதமுக்குப் பணிய மறுத்த செய்தியில் வரும் சொல் 'இஸ்தக்பர'. தன்னைப் பெரியவனாகக் கருதினான் என்பது பொருள். தான் நெருப்பால் ஆனவன், ஆதம் மண்ணால் ஆனவன் என்பதே அவன் காட்டிய காரணம். பிறப்பை வைத்து உயர்வு பேசிய முதல் குரல் அது என்று கொள்ளலாம். 1959இல் திருக்குர்ஆனின் அறச்சொற்களை ஆராய்ந்து நூல் வெளியிட்ட யப்பானிய அறிஞர் தொஷிஹிகோ இசுத்சு, பழைய அரபு வீரனின் தன்னிறைவு உணர்வே இங்கு இறைமறுப்பின் உள்ளீடாக மாற்றம் பெற்றதைச் சுட்டிக் காட்டினார்.

'தகாதுர்' என்பது எண்ணிக்கையில் ஒருவரையொருவர் விஞ்ச முயலுதல். திருக்குர்ஆனின் ஓர் அத்தியாயத்திற்கு இதுவே பெயர். இதற்கு உரையாசிரியர்கள் கூறும் பின்னணிகளுள் ஒன்று: குறைஷியரில் இரு கிளையினர் எவர் தொகை மிகுதி என்று வாதிட்டனராம். உயிருடன் இருந்தவர்களை எண்ணியும் வாதம் தீராமல், இடுகாட்டிற்குச் சென்று இறந்தோரையும் கணக்கில் சேர்த்தனராம்!

630இல் மக்கா நபிகளாரின் வசமானபோது, முன்னோர் பெயரால் பெருமை பேசும் பழைய வழக்கம் நீக்கப்பட்டது என்றும், மக்கள் அனைவரும் ஆதமின் வழியினர், ஆதமோ மண்ணால் ஆனவர் என்றும் அவர் உரைத்ததாக நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. எனினும் சொல்லைப் போல வழக்கம் விரைந்து மாறிவிடுமா? அடுத்துவந்த உமையாக்கள் காலத்தில் ஜரீர், ஃபரஸ்தக் என்னும் இரு பெருங்கவிஞர்கள் பல்லாண்டுகள் ஒருவரையொருவர் இகழ்ந்தும் தத்தம் குலத்தைப் புகழ்ந்தும் பாடினர். ஒருவர் எடுத்த யாப்பிலும் இயைபிலுமே மற்றவர் விடையிறுக்க வேண்டும் என்பது விதி. பஸ்ராவின் மிர்பத் சந்தையில் இவற்றைக் கேட்க மக்கள் கூடினர்.

10ஆம் நூற்றாண்டில் தற்புகழ்ச்சிக் கவிதையின் சிகரமாக நின்றவர் முதனப்பி (915-965). 'தன்னை நபியாக்கிக் கொண்டவர்' என்று பொருள்படும் அவர் பெயரே தக்கப்புர் என்னும் சொல்லின் அச்சில் வார்க்கப்பட்டது! பாக்தாதுக்குத் திரும்பும் வழியில் பகைவர் தாக்கியபோது அவர் தப்பிக்க எண்ணினார் என்றும், தம் வீரத்தைத் தாமே புகழ்ந்து பாடிய அடியை அவருடைய பணியாள் நினைவூட்டினான் என்றும், அதனால் திரும்பி நின்று போரிட்டு மாண்டார் என்றும் சொல்வர். தான் பாடிய பெருமைக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தார் போலும்.

ஓர் ஆசிரியரின் ஆய்வு

இச்சொற்களை மனநூல் போல் ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (1058-1111). அவர் ஓர் ஆசிரியர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பாக்தாதின் நிஸாமிய்யாக் கல்விக்கூடத்தில் 1091 முதல் 1095 வரை தலைமைப் பேராசிரியராக விளங்கியவர். புகழின் உச்சியில் இருந்தபோது அப்பதவியைத் துறந்து வெளியேறியவர். நாற்பது பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் தம் பெருநூலில் ஒரு பகுதியையே செருக்குக்கும் தன்வியப்புக்கும் ஒதுக்கினார்.

'உஜ்ப்' என்பது தன்னைத் தானே வியத்தல். உலகில் ஒருவன் தனியே இருந்தாலும் அவனுக்கு அது வரக்கூடும். 'கிப்ர்' அப்படியன்று. தனக்குக் கீழே ஒருவன் இருந்தால்தான் அது பிறக்கும். இவ்வேறுபாடு கஸ்ஸாலி காட்டியது. மேலும், செருக்குக்கு ஏழு காரணங்களை அவர் வரிசைப்படுத்தினார்: அறிவு, வழிபாடு, குலம், அழகு, வலிமை, செல்வம், பின்தொடர்வோர் கூட்டம். செல்வத்தை முதலில் வைப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் முதலில் வைத்தது அறிவை! கற்றவரைத்தான் இந்நோய் விரைந்து பற்றும் என்பது அவர் கருத்து. கரும்பலகையின் முன் நிற்கும் நாம் இதனைப் படித்துவிட்டு எளிதில் கடந்து செல்ல இயலாது.

நம் வகுப்பறைக்கு வருவோம்

அரபுச் சொற்கள் நமக்குத் தொலைவில் இல்லை. நம் மாணவர்களின் வருகைப் பதிவேட்டிலேயே அவை உள்ளன. கபீர், பக்ருதீன், அலி, அப்துல் ஜப்பார் என்னும் பெயர்கள் யாவும் மேலே கண்ட உயர்வு வேர்களிலிருந்து வந்தவை. பக்ருதீன் என்றால் மார்க்கத்தின் பெருமை. அப்துல் ஜப்பார் என்றால் ஜப்பாரின் அடியான். பெற்றோர் பிள்ளைக்கு உயர்வைச் சூட்டும்போதே பணிவையும் சேர்த்துச் சூட்டியிருக்கின்றனர்.

ஜொகூர் மாநிலத்தின் சிறப்புப் பெயர் 'டாருல் தக்சிம்'. போற்றுதலின் உறைவிடம் என்பது பொருள். எலும்பையும் பெருமையையும் குறிக்கும் ஒரு வேரிலிருந்து வந்த 'தஅளீம்' என்பதே இங்குத் 'தக்சிம்' ஆயிற்று. இதுவும் தக்பீரின் அச்சுதான், பிறரைப் பெருமைப்படுத்துவது. இதே வேரைத் தன்னை நோக்கித் திருப்பினால் 'தஅள்ளும்' என்னும் செருக்கு வந்துவிடும்.

இவ்வேறுபாட்டை நம் பாராட்டு மொழிகளில் பொருத்திப் பார்ப்போமாக. "நீ நன்றாக எழுதினாய்" என்னும் பாராட்டில் மூன்றாம் ஆளில்லை. "நீ அவனைவிடக் கெட்டிக்காரன்" என்று சொல்லும்போதோ, பிள்ளையின் காலடியில் மற்றொரு பிள்ளையைக் கிடத்தி விடுகிறோம். கஸ்ஸாலியின் சொல்லில், கிப்ர் பிறக்கத் தேவையான அந்தக் 'கீழே ஒருவனை' நாமே கொண்டுவந்து நிறுத்துகிறோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, யாருடைய பிள்ளைக்கு எத்தனை 'ஏ', எந்தப் பள்ளிக்கு எத்தனை 'ஏ' என்று எண்ணியது தகாதுரின் மறுவடிவம் அல்லவா? தேர்வு நீங்கியது, எண்ணும் பழக்கம் நீங்கிற்றா என்பதை அவரவர் உள்ளமே கூற வேண்டும்.

மற்றொரு பக்கமும் உண்டு. ஏழைப் பிள்ளை ஒன்று, பிறர் தந்த பழைய சீருடையை வாங்க மறுத்துத் தலைநிமிர்ந்து நின்றால் "என்ன திமிர்!" என்கிறோம். அது லைலாவின் மானமாக இருக்கக்கூடாதா? மானத்தைத் திமிரென்று பெயரிட்டு அடக்கினால், அப்பிள்ளை பணிவைக் கற்றுக்கொள்வதில்லை, கூனிக்குறுகுவதைத்தான் கற்றுக்கொள்கிறது. யாரையும் தாழ்த்தாமல் நிமிர்வது மானம். பிறரைத் தாழ்த்தினால்தான் நிமிர முடியும் என்பது செருக்கு. கண்டிக்க வாய் திறக்குமுன் இதனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.

இறுதியாக ஒரு சொல். உயர்வைக் குறிக்கும் 'உலூவ்' என்பதன் வேரிலிருந்து பிறந்தவை அலீ, தஆலா முதலிய சொற்கள். நாட்டில் தன்னை உயர்த்திக் கொண்ட ஃபிர்அவ்னின் கொடுமையைச் சொல்லவும் திருக்குர்ஆன் இவ்வேரையே ஆள்கிறது. ஆனால், இதே வேரில் பிறந்த மிக எளிய சொல் ஒன்று அரபு நாட்டுத் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கிறது. 'தஆல்' என்பது அச்சொல். 'வா' என்று பொருள். மேட்டில் நிற்பவன் பள்ளத்தில் நிற்பவனை நோக்கி 'மேலே வா' என்று அழைத்ததே நாளடைவில் பொதுவாக 'வா' என்று ஆனதாம் என்கின்றனர் அகராதி அறிஞர்கள்.

கல்வியால் நாம் ஒரு மேட்டில் நிற்கிறோம் என்பது உண்மையானால், அங்கிருந்து பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லத்தக்க சொல் அதுவே.